இருட்டும் படத்தில் சேர்த்திதான்

வீட்டிலேயே இவ்வளவு பெரிய டிவி இருக்கும்போது தியேட்டர் எதற்கு என்று கேட்பவர்களிடம் பெரிய திரை, அதிரும் சத்தம் என்றெல்லாம் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். திரையும் ஸ்பீக்கரும் காசிருந்தால் வீட்டுக்கே வந்துவிடும். வராதது இருட்டு.

ப்ரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. அதற்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டும்தான். திரையில் நாம் பார்க்கிற கறுப்பு, வெளிச்சம் விழாத இடம், அதாவது நாம் உட்கார்ந்திருக்கிற அரங்கின் அதே இருட்டு. நடுப்படத்தில் யாரோ கதவைத் திறந்தால் திரையில் இருக்கும் ராத்திரி சாம்பல் பூத்துவிடுவது இதனால்தான். தியேட்டர் திரையில் வெள்ளைக்கான தர அளவே சுமார் 48 நிட்ஸ்தான் (நிட்ஸ் என்பது திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு), கையிலிருக்கும் செல்போன் அதைவிடப் பல மடங்கு பளிச்சென்றிருக்கும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும், சரியாக அப்போது பக்கத்து சீட்டுக்காரர் வாட்ஸ்அப்பைத் திறப்பார் (இவர்களுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் எனக்குச் சம்மதம்).

1894இல் எடிசனின் கைனடாஸ்கோப் பெட்டியில் ஒவ்வொருவராகக் குனிந்து துளை வழியாகத்தான் படம் பார்த்தார்கள். அடுத்த வருஷமே லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு கூட்டத்துக்கே திரையில் போட்டுக் காட்டினார்கள், ஜனம் நிமிர்ந்தது. இப்போது செல்போனுக்காக மறுபடியும் குனிந்திருக்கிறோம்.

ஒருத்தி ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், வசனம் இல்லை, இசையும் இல்லை, கேமரா நகரவே மாட்டேன் என்கிறது என்று வையுங்கள். வீட்டில் என் விரல் தானாக 10 விநாடி தள்ளும் பொத்தானுக்குப் போய்விடும். தியேட்டரில் வழியில்லை. முதலில் சலிப்பு வரும், எங்கோ ஒருவர் இருமுவார், அப்புறம்தான் அவள் சட்டை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருப்பது கண்ணில் படும், அதே நேரத்தில் அரங்கில் இன்னும் பலர் அதைக் கவனித்துவிட்டார்கள் என்பதும் எப்படியோ தெரிந்துவிடும்.

ஓடிடி வேண்டாம் என்று சொல்லவில்லை. தியேட்டர் பக்கமே வராத எத்தனையோ படங்களை அதில்தான் பார்த்தேன்.

என் கோபம் தியேட்டர்காரர்கள் மேல்தான். சாய்ந்து படுக்கிற சீட், சீட்டுக்கே வரும் சாப்பாடு, அதைக் கொண்டுவருகிறவர் கையில் ஒரு டார்ச் லைட் என்று வீட்டோடு போட்டி போடுகிறார்கள். அந்தச் செலவில் மங்கிப்போன ப்ரொஜெக்டர் விளக்கை மாற்றுங்கள், திரைக்குப் பக்கத்திலேயே எரியும் அந்த விளம்பரப் பலகையைப் படம் முடியும்வரையாவது அணைத்து வையுங்கள்.