பச்சைக் கட்டத்தை நம்பி மீன் வாங்காதீர்கள்

கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடிப் பிடிப்பது எந்த மீன் எதோடு சேரும் என்று பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டம் போட்ட அட்டவணையைத்தான். பச்சையாக இருப்பதையெல்லாம் வாங்கி விட்டுவிட்டு, கொஞ்ச நாள் கழித்து "சேரும்னுதானே போட்டிருந்தது, ஏன் அடிச்சுக்குது?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் அந்த அட்டவணை பாதிதான் உண்மை. அதற்கு மீனின் பெயர் மட்டும்தான் தெரியும். யார் முதலில் வந்தார், தொட்டி எவ்வளவு பெரிது, ஒளிந்துகொள்ள எத்தனை பொந்து இருக்கிறது, இதெல்லாம் தெரியாது. சண்டை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. சண்டை வேறு, பசி வேறு. சிங்கமீன் பெரும்பாலும் யாரிடமும் வம்புக்குப் போகாது, ஆனால் வாயில் அடங்கும் எதையும் விழுங்கிவிடும். அதில் கோபம் எதுவும் இல்லை, அது சாப்பாடு. டாம்சல் என்கிற சின்ன மீன் நேர் எதிர். விரல் நீளம்கூட இருக்காது, யாரையும் தின்னப் போவதில்லை, ஆனால் தன்னைவிட மூன்று மடங்கு பெரிய மீனை மூலையில் ஒதுக்கிவிடும். பவளப் பாறைகளில் சில வகை டாம்சல்கள் ஒரு துண்டு இடத்தில் பாசி வளர்த்து, வேண்டாத பாசியைக் கடித்துப் பிடுங்கிப் போட்டு, ஏறக்குறைய விவசாயம் செய்கின்றன. பக்கத்தில் நீந்துகிற மனிதனின் கையைக்கூட வந்து கொத்தும். அப்படிப்பட்ட மீனைப் போய், "புதுத் தொட்டியில் மீன் கழிவை முறிக்கும் பாக்டீரியா வளர முதலில் இரண்டு டாம்சல் விடுங்கள், அது எதையும் தாங்கும்" என்று யோசனை சொல்கிறார்களே, எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். அந்தப் பாக்டீரியா வளரும்வரை கழிவிலிருந்து சேரும் அம்மோனியா விஷத்தில் அதை வேகவிடுவது ஒரு கொடுமை. அதையும் தாங்கிப் பிழைத்துவிட்டால் முழுத் தொட்டியும் அதன் பட்டா நிலம், அப்புறம் வருகிறவர்கள் எல்லாம் அத்துமீறிகள். பாக்டீரியா வளர அம்மோனியாக் கரைசலே போதும், மீன் எதற்கு?

முதலில் வந்தவருக்குத்தான் இடம் சொந்தம் என்பதை வைத்துப் பார்த்தால் பாதிச் சண்டைக்குக் காரணம் தெரிந்துவிடும். மீதிப் பாதி, ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதால் வருவது. 1973-இல் நோபல் பரிசு பெற்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ், பளிச்சென்ற நிறமுள்ள பவளப்பாறை மீன்கள் மற்றவற்றைவிடத் தம் இனத்தையே அதிகம் தாக்குவதைக் கவனித்து, அந்த நிறங்களை விளம்பரத் தட்டி போல என்று சொன்னார். அவர் சொன்ன எல்லாவற்றையும் பிற்பாடு ஆராய்ந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தொட்டி வைப்பவருக்கு இது கைகொடுக்கும். ஒரே உருவம், ஒரே சாப்பாடு என்றால் எச்சரிக்கையாக இருங்கள். மஞ்சள் டேங் (tang) மீன் இருக்கிற இடத்தில் ஊதா டேங் மீனை விட்டால் ஓர் உறையில் இரண்டு கத்தி கதைதான், அதுவும் டேங் மீனுக்கு வாலின் அடிப்பகுதியில் நிஜமாகவே கத்தி போன்ற முள் இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பி வாலை ஒரு வீசு வீசினால் எதிராளியின் உடம்பில் கோடு கோடாகக் கிழிசல் விழும்.

இறாலுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதே இல்லை, ஏதோ தொட்டி கழுவ வந்த ஆள் மாதிரி கடைசியில் இரண்டு வாங்கிப் போடுகிறார்கள். முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் சிவப்புக் கிளீனர் இறாலை எல்லா அட்டவணையும் சாது என்கிறது. மீனிடம் சாதுதான். தங்களுக்குள்? ஆய்வகத்தில் இரண்டுக்கு மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, இரவில் ஓடு கழற்றி மெத்தென்று கிடந்ததை மற்றவை கொன்று, கடைசியில் ஒரு ஜோடிதான் மிஞ்சியது. அதனால் நான் சொல்வது இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட பாக்ஸர் இறால் இன்னும் மோசம். ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்ததாக இருந்தால் சரி, ஒரே பால் இரண்டு என்றால் ஒன்றுதான் பிழைக்கும். மற்ற வகை இறால்களையும் சும்மா விடாது.

காலையில் மணலில் கால், மீசை, கண் உட்பட முழு இறால் ஒன்று கண்ணாடி போல் கிடக்கும். செத்துவிட்டது என்று பதறாதீர்கள், அது வெறும் ஓடு. ஆள் பாறைக்குப் பின்னால் ஒடுங்கி, புது ஓடு இறுகக் காத்திருக்கும். அந்த ஒன்றிரண்டு நாளில்தான் அதற்கு ஆபத்து. பாறை உச்சியில் அசையாமல் உட்கார்ந்து கண்ணை மட்டும் உருட்டுகிற ஹாக்மீன் இருந்தால், அந்த நேரத்தில் இறால் காணாமல் போவது சகஜம்.

எல்லாம் இப்படித்தான் என்றும் இல்லை. பிஸ்டல் இறாலையும், அதோடு ஒரே வளையில் குடியிருக்கும் கோபி என்கிற மீனையும் சேர்த்து வைத்தால் மணிக்கணக்கில் பார்க்கலாம். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, வளை தோண்டி மணலைத் தள்ளிக்கொண்டு வரும்போதெல்லாம் ஒரு மீசை கோபியின் உடம்பில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்தைப் பார்த்து கோபி வாலை லேசாகச் சிலுப்பினால் போதும், இறால் உள்ளே.

சரி, என்ன செய்வது? சாதுவை முதலில் விடுங்கள், முரடனைக் கடைசியில். புதிய மீனை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள்ளேயே சில நாள் தொங்கவிடுங்கள், பழையவை வந்து முறைத்துவிட்டுச் சலித்துப் போகும். பாறைகளைக் கொஞ்சம் இடம் மாற்றினால் பழைய எல்லைகள் குழம்பும். சண்டை போடுவது டேங் மீன் என்றால், தொட்டிக்கு வெளியே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்தால் கொஞ்ச நேரம் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டும். மூடி கட்டாயம், ஃபயர் மீன் "தானாக வெளியே குதித்துச் செத்தது" என்கிறவர்கள் அதைத் துரத்தியது யார் என்று பார்ப்பதில்லை.

அப்புறமும் அடித்தால், அடிபட்டதைத் தூக்கித் தனியே வைக்கிறோம். அது தேறித் திரும்பி வந்தால் மறுபடியும் அதுதான் புது ஆள், மறுபடியும் அடிதான். அடிக்கிறவனைத் தூக்குங்கள். ஒன்றிரண்டு வாரம் வேறு தொட்டியில் இருந்துவிட்டு வந்தால் இந்த முறை அவன் புது ஆள், பல மீன்கள் இதிலேயே அடங்கிவிடும். ஆறு கோட்டு ராஸ் என்கிற மீனுக்கு மட்டும் இதுவும் பெரும்பாலும் பலிக்காது, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.