வேஷமே போடாமல் ஒரு வேஷம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டதும் ஏதாவது ஒரு பழைய படம் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். போன வாரம் 1941-இல் வந்த 'தி லேடி ஈவ்' போட்டேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து மாமா வந்திருந்தார். கறுப்பு வெள்ளை, அதுவும் இங்கிலீஷ், பத்தாவது நிமிடம் அம்மாவும் மாமாவும் குறட்டை விடுவார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நான் தமிழில் சொல்லச் சொல்ல, இரண்டு பேரும் கடைசிவரை பார்த்தார்கள். அதற்கப்புறம் அண்ணன் தங்கச்சிக்குள் நடந்த சண்டையால்தான் இந்தப் பதிவு.

படம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் கதை. கப்பலில் வரும் பணக்காரர்களோடு சீட்டாடி மொட்டையடிப்பதுதான் ஓர் அப்பாவுக்கும் மகளுக்கும் பிழைப்பு. மகள் ஜீனாக பார்பரா ஸ்டான்விக், அப்பாவாக சார்லஸ் கோபர்ன். அமேசான் காட்டில் ஒரு வருடம் பாம்பு ஆராய்ச்சி செய்துவிட்டு, கையோடு ஒரு பாம்பையும் எடுத்துக்கொண்டு அந்தக் கப்பலில் ஏறுகிறான் சார்லஸ், அதாவது ஹென்றி ஃபோண்டா. பெரிய பீர் கம்பெனிக்காரரின் பிள்ளை. சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் பெண்கள் எல்லாரும் அவனையே பார்க்க, அவன் பாம்புப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான். ஜீன் தன் கைக்கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்தபடி, எந்தப் பெண் என்ன தந்திரம் செய்கிறாள் என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே போகிறாள். அவன் எழுந்து வரும்போது காலை நீட்டி விழ வைக்கிறாள். விழுந்தவனிடமே, 'என் செருப்புக் குதிகாலை உடைத்துவிட்டாயே' என்று சண்டைக்கும் போகிறாள். அம்மா அந்த இடத்திலேயே அவள் கட்சிக்குப் போய்விட்டார்.

அப்புறம் ஒரு காட்சி. அவள் சாய்ந்திருக்கிறாள், அவன் பக்கத்தில் தரையில். அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டே அவள் ஏதேதோ பேசுகிறாள். மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட், நடுவில் வெட்டே இல்லை. தொட்டது தலைமுடியை மட்டும்தான். மாமா தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

ஏமாற்ற வந்தவளுக்கு நிஜமாகவே காதல் வந்துவிடுகிறது. அப்பா சீட்டை மாற்றினால், இவள் அதை மறுபடி மாற்றி அவனைக் காப்பாற்றுகிறாள். அதற்குள் அவள் யாரென்று காட்டும் போட்டோ அவன் கைக்கு வந்துவிடுகிறது. அவன் சொல்கிறான்: 'எனக்கு முதலிலிருந்தே தெரியும்.'

பச்சைப் பொய். என்னைக் கேட்டால், படத்தில் மன்னிக்கவே முடியாத பொய் இது ஒன்றுதான். சீட்டாட்டத்தில் அவள் செய்ததெல்லாம் பிழைப்பு. இவன் சொன்னது வீம்பு. எனக்கு இது நன்றாகத் தெரியும். காலேஜ் படிக்கும்போது, அழகர் ஆற்றில் இறங்கும் நாள் கூட்டத்தில், வைகை மணலில் ஒருத்தனிடம் மூணு சீட்டில் இருநூறு ரூபாய் விட்டேன். பையன்களிடம் என்ன சொன்னேன் தெரியுமா? 'எனக்கு அப்பவே தெரியும்டா, சும்மா விளையாடிப் பார்த்தேன்.' பஸ்ஸுக்குக் காசில்லாமல் வீடுவரை நடந்தேன்.

சரி, படத்துக்கு வருவோம். பழி வாங்க ஜீன் அவன் வீட்டுக்கே போகிறாள், இங்கிலாந்துச் சீமாட்டி ஈவ் என்ற பெயரில். நம் சினிமாவாக இருந்தால் கன்னத்தில் ஒரு மருவாவது ஒட்டியிருப்பார்கள். இவள் ஒன்றுமே செய்யவில்லை, பேச்சை மட்டும் மாற்றிக்கொள்கிறாள். 'இது அதே பொம்பளைதான்' என்று வேலைக்காரன் மக்ஸி தலையில் அடித்துக்கொள்கிறான். சார்லஸோ, ஏமாற்ற வந்தவளாக இருந்தால் முடியின் நிறத்தையாவது மாற்றியிருப்பாள், இவ்வளவு ஒரே மாதிரி இருப்பதால் இவள் வேறு ஆள்தான் என்கிறான். எழுதி இயக்கிய பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் கெட்டிக்காரர். படித்த முட்டாள் எப்படி யோசிப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஈவையே சார்லஸ் கல்யாணம் செய்துகொள்கிறான். கல்யாண ராத்திரி ரயிலில், அவள் தன் பழைய காதலர்கள் பெயரை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட, அவன் பைஜாமாவோடு இறங்கிச் சேற்றில் வழுக்கி விழுகிறான். அந்த ரயில் காட்சி எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பட்டது.

மாமாவுக்கு இங்கேதான் கோபம். "ஒரு பொம்பளை இம்புட்டு ஏமாத்துறதைப் போயி படமா எடுத்து வச்சிருக்கான்."

அம்மா விடவில்லை. "ஏண்ணே, முருகன் மட்டும் என்ன செஞ்சாரு? வேடனா வந்து பொய் சொன்னாரு. கெழவனா வந்து தேனும் தெனமாவும் வாங்கித் தின்னுட்டு, விக்குதுன்னு நடிச்சாரு. அது பத்தாதுன்னு அண்ணனை யானையா வரவச்சு அந்தப் புள்ளையப் பயமுறுத்துனாரு. அதை மட்டும் விடிய விடிய உக்காந்து பாத்தீகள்ல?"

மாமா 'வள்ளி திருமணம்' பைத்தியம். சுற்றுப்பட்டியில் எந்த ஊர்த் திருவிழாவில் நாடகம் போட்டாலும் முன்வரிசையில் துண்டு விரித்திருப்பார். அந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் பையன்களை வைத்து நாடக சபை தொடங்கியது நம் மதுரையில்தான் என்பதை வருடத்துக்கு இரண்டு தடவை எனக்குச் சொல்வார். அன்றைக்கு அவரிடம் இருந்த ஒரே பதில், "அது சாமி, ஆத்தா."

நான் அம்மா பக்கம். வேலன், வேடன், விருத்தன் என்று ஆண் வேஷம் மாற்றினால் அது லீலை. ஜீன் உச்சரிப்பை மட்டும் மாற்றினால் அவள் ஃபிராடா? ஒன்று சொல்ல வேண்டும், நாடகத்திலாவது வள்ளி சும்மா ஏமாறுவதில்லை. வேடனோடு மணிக்கணக்கில் தர்க்கம் செய்து, ஆளைத் திணற அடித்துவிட்டுத்தான் விடுவாள். சார்லஸ் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. பார்ட்டியில் சோபா தடுக்கி விழுகிறான், திரைச்சீலையோடு விழுகிறான், எழுந்து வேறு கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறான், அவ்வளவுதான்.

கடைசியில் மறுபடி கப்பல், மறுபடி நீட்டிய கால், மறுபடி விழுகிறான். ஜீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதே என்கிறான். எனக்கும்தான் என்கிறாள் அவள். யாரோடு என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளேயிருந்து மக்ஸி மெல்ல நழுவி வந்து, அதே பொம்பளைதான் என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போகிறான்.

சாயங்காலம் மாமாவை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டினார். "அந்த வேலைக்காரன்தான்டா பபூன். மொதல்ல இருந்து நெசத்தைச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான், ஒரு பயலும் காதுல வாங்கலையே."