பாறைமேல் படுத்திருப்பது கடற்பசு அன்று

கடலூர் முதுநகர் வாட்ஸ்அப் குழுக்களில், பாறைமேல் படுத்திருக்கும் மீசை விலங்கொன்றின் படத்துடன், "பாக் விரிகுடாவின் கடற்பசு இதுதான்; புல்லைத் தவிர எதையும் தொடாது" என்றொரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. படத்தில் இருப்பது சீல்; அது ஊனுண்ணி. மீனும் கணவாயும் தின்னும் சீல்களில் சில, நீந்திப்போன மீன் விட்டுச்சென்ற நீரசைவை இருளிலும் அந்த மீசை முடிகளால் உணர்ந்து பின்தொடர்ந்து பிடிக்கும். சிறு மீனென்றால் மெல்லாமல் அப்படியே விழுங்கிவிடும். அண்டார்க்டிகாவின் 'நண்டுதின்னி' சீலோ பெயருக்குத்தான் நண்டுதின்னி; கூனிறாலைப் போன்ற கிரில் எனும் சிற்றுயிரை, வாய்நிறைய நீருடன் அள்ளி, பிளவுபட்ட பற்களின் இடுக்கில் வடிகட்டியே அது பெரும்பாலும் உண்கிறது. கடற்புல் மேயும் கடற்பசு பாறையேறிப் படுப்பதே இல்லை (பகிர்ந்தவர்கள் இதையாவது யோசித்திருக்கலாம்); அதற்கெனத்தான் 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு காப்பகமாக அறிவிக்கப்பட்டது.