சிறு அணி ஆட்டம் கிளப்புகளின் வசூல் வழி அல்ல

"அமெரிக்காவில் சிறு அணி ஆட்டம் என்பது கிளப்புகள் கட்டணம் வசூலிக்கக் கண்டுபிடித்த வழி; பிள்ளைகள் உண்மையான கால்பந்தைக் கற்பதில்லை" என்ற கருத்து தவறானது. பிள்ளைகள் வயதுக்கேற்பக் குறைந்த ஆட்களுடன் ஆட வேண்டும் என்ற இந்த விதியை வகுத்தது கிளப்புகள் அல்ல, அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு. 2015இல் அறிவிக்கப்பட்டு, 2017 ஆகஸ்டில் கட்டாயமானது. 8 வயதுப் பிரிவு வரை அணிக்கு 4 பேர், கோல்கீப்பர் கிடையாது. 10 வரை 7 பேர். 12 வரை 9 பேர். அதன்பிறகுதான் 11 பேர்.

முழு மைதானத்தில் ஒரே பந்துக்கு 22 பேர். ஏழு வயதுப் பிள்ளையை அங்கே நிறுத்தினால், வேகமாக ஓடும் இரண்டு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். நாலுக்கு நாலில் எட்டே பேர். பந்து திரும்பத் திரும்பக் காலுக்கு வரும். எதிராளியை ஏய்ப்பதா, பாஸ் கொடுப்பதா, உதைப்பதா என்று நொடிக்கு நொடி தானே முடிவெடுக்க வேண்டும். இதைவிட உண்மையான கால்பந்து எது?

செலவு பற்றிய கோபம் நியாயமானதே. அணிகள் சிறியதானால் எண்ணிக்கை கூடும், பயிற்சியாளர்களும் கூடுதலாக வேண்டும். ஆனால் ஒரு முழு மைதானத்தில் பல சிறு ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தலாம், அதனால் இடச் செலவு குறையும். குடும்பங்களை நசுக்குவது வெளியூர்ப் போட்டிகள், விடுதி வாடகை, பயணம், ஆண்டு முழுவதற்குமான பயிற்சிக் கட்டணம் ஆகியவை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு தூரப் பயணம் எதற்கு என்று கிளப் நிர்வாகத்திடம் கேளுங்கள்.