பக்கத்து மனையில் பள்ளம், நம் சுவரில் விரிசல்

பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது சென்னையில் இப்போது தெருவுக்குத் தெரு நடக்கிறது. எங்கள் பக்கத்து மனையிலும் நடந்தது. ஜேசிபி வந்து காம்பவுண்டை ஒட்டித் தோண்டிய வாரமே, எங்கள் ஹால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். நகம் நுழைகிற அகலம். பூஜை அறைக் கதவைச் சாத்த முடியவில்லை. பில்டரின் இன்ஜினியர் வந்தார், சுவரைத் தட்டினார், "உங்க வீடு பழசு சார்" என்றார். ஆய்வு முடிந்தது.

"வீட்டு இன்சூரன்ஸ் இருக்குல்ல, க்ளெய்ம் பண்ணிக்கோங்க" என்று யோசனை வேறு. 2021 ஏப்ரலில் வந்த பாரத் க்ருஹ ரக்ஷா என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியில் தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் உண்டு. நிலம் உள்வாங்குவதும் உண்டு. ஆனால் இடிப்பதாலோ, கட்டுவதாலோ, பள்ளம் தோண்டுவதாலோ உள்வாங்கினால் கிடையாது என்று அதிலேயே இருக்கிறது. எனக்கு இதில் இன்சூரன்ஸ் கம்பெனி மேல் கோபமில்லை. யாரோ லாபத்துக்குத் தோண்டிய பள்ளத்தை என் பிரீமியம் ஏன் சுமக்க வேண்டும்?

சுமக்க வேண்டியது கட்டுமான வேலைக்காகக் கான்ட்ராக்டர் எடுக்கும் 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' பாலிசி. அடுத்தவர் சொத்துக்கு வரும் சேதத்துக்கு அதில் தனிப் பிரிவே உண்டு. அங்கேயும் ஒரு கொக்கி. அதிர்வாலும் மண் பிடிமானம் போவதாலும் வரும் சேதத்தைக் கூடுதல் பிரீமியம் கட்டித்தான் சேர்க்க வேண்டும். நெருக்கமான தெருவில் தோண்டுகிறவருக்கு இருக்கும் பெரிய ஆபத்தே அதுதானே! சேர்த்தாலும், வேலைக்கு முன் பக்கத்துக் கட்டடம் நல்ல நிலையில் இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வரும். அதை யார் நிரூபிப்பது?

நாமே வேலைக்கு வைத்த கான்ட்ராக்டர் என்றால் சேவைக் குறைபாடு என்று இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பக்கத்து மனை பில்டருக்கு நாம் நுகர்வோரே அல்ல. சிவில் கோர்ட்தான். வாய்தா முடிவதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடலாம்.

கட்டட அனுமதி தரும்போதே அந்தக் கூடுதல் பாதுகாப்போடு எடுத்த பாலிசி நகலையும், அக்கம்பக்கத்து வீடுகளின் நிலை அறிக்கையையும் மாநகராட்சி கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து. இப்போதைக்கு, பக்கத்தில் இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் ஜேசிபி வருமுன் சுவர், தளம், காம்பவுண்ட் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். பில்டருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் போட்டு பாலிசி நகல் கேளுங்கள். "அக்கம்பக்கத்துல இதெல்லாமா சார்" என்று மனை உரிமையாளர் வருத்தப்படுவார். படட்டும்.