பெரிய எழுத்து மரியாதைக்கு அல்ல

தெரிந்த தம்பி ஒருவன் வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி, “ஒருமுறை பார்த்துத் திருத்தித் தாருங்கள் அண்ணா” என்று அனுப்பியிருந்தான். ஒரே பக்கம். எழுத்துக்கூட்டல் சுத்தம், வாக்கியங்களும் பரவாயில்லை. ஆனால் பக்கம் முழுவதும் பெரிய எழுத்துகள் தலை நிமிர்ந்து நின்றன. ‘மேனேஜர்’ பெரிய எழுத்தில், ‘கம்பெனி’ பெரிய எழுத்தில், ‘எக்ஸ்பீரியன்ஸ்’, ‘ஆனஸ்டி’ எல்லாமே அப்படித்தான். எண்ணிப் பார்த்தேன்: 41. தேவையானவை 14. இத்தனைக்கும் நடுவில், ‘நான்’ என்பதற்கான ‘ஐ’ மட்டும் இரண்டு இடங்களில் சிறிய எழுத்தில் பணிவாகக் குனிந்திருந்தது. எங்கே நிமிர வேண்டுமோ அங்கே குனிந்து, எங்கே தேவையில்லையோ அங்கே நிமிர்ந்திருக்கிறான் பிள்ளை.

ஏன் இப்படி என்று கேட்டேன். “முக்கியமான சொற்கள் அல்லவா அண்ணா, சிறிய எழுத்தில் போட்டால் மரியாதைக் குறைவாகத் தெரியாதா?” என்றான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. மரியாதையை நாம் விகுதியில் வைக்கிறோம். ‘வந்தான்’, ‘வந்தார்’ என்று வினைமுற்றே சொல்லிவிடும். ஆங்கில வினைச்சொல்லில் அந்த வசதி இல்லை. ஆகவே கையில் கிடைத்த பெரிய எழுத்தையே ‘ஆர்’ விகுதியாக்கிக்கொள்கிறோம். மேலாளருக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, நேர்மைக்கும் போனால் போகிறதென்று ஒன்று.

ஆங்கிலத்தில் அது மரியாதைக் குறி அல்ல, பெயர்ப்பலகை. வாக்கியத்தின் முதல் எழுத்தையும் ‘ஐ’யையும் விட்டுவிட்டால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது சிறப்புப் பெயரா, பொதுப்பெயரா? ‘பிரசிடெண்ட் லிங்கன்’ என்றால் பதவி பெயரோடு ஒட்டி நிற்கிறது, பெரிய எழுத்து. ஏதோ ஒரு சங்கத்துக்கு ஒரு ‘பிரசிடெண்ட்’ தேவை என்றால் சிறிய எழுத்து. ‘மதர்’ என்று பெயருக்குப் பதிலாகக் கூப்பிட்டால் பெரியது. ‘மை மதர்’ என்று முன்னால் ஒரு ‘மை’ வந்துவிட்டால் சிறியது. தாயைவிட மரியாதைக்குரியவர் எவர்? அவருக்கே அவ்வளவுதான். கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்து உண்டு, கோடைக்கும் குளிருக்கும் கிடையாது. கணக்குப் பாடத்துக்கு இல்லை, ஆங்கிலப் பாடத்துக்கு உண்டு, ஏனென்றால் அது ஒரு மொழியின் பெயர். இதில் பெரிய தர்க்கத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். வழக்கம் அப்படி அமைந்துவிட்டது.

அந்த வழக்கமும் மாறியே வந்திருக்கிறது. 1787இல் கையால் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தைப் பாருங்கள்: பெயர்ச்சொல் கண்ட இடமெல்லாம் பெரிய எழுத்துதான். ஜெர்மன் மொழியில் இன்றும் எல்லாப் பெயர்ச்சொற்களுக்கும் அப்படியே. நம் தம்பி அந்தக் காலத்தில் விண்ணப்பித்திருந்தால் ஒருவரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். ‘ஐ’ நிமிர்ந்த கதையிலும் அகங்காரம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘இச்’ என்றிருந்த சொல் தேய்ந்து தேய்ந்து ஒற்றை எழுத்தானது. கையெழுத்துச் சுவடியில் ஒற்றைச் சிறு கோடு தனியாக நின்றால் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக் காணாமல் போய்விடும். கண்ணில் படட்டும் என்று நீட்டினார்கள், நீண்டது நிலைத்தது.

மரியாதைக்கும் பெரிய எழுத்துக்கும் ஒட்டே இல்லை என்று இதோடு முடித்துவிட முடியுமானால் எனக்கும் நிம்மதிதான். முடியாது. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1899இல் வெளியான தம் ஆய்வுநூலின் அடிக்குறிப்பு ஒன்றில், எண்பது லட்சம் அமெரிக்கர்கள் ஒரு பெரிய எழுத்துக்கு உரிமை உடையவர்கள் என்று எழுதினார். ‘நீக்ரோ’ என்ற சொல்லை அன்று பெரும்பாலான பத்திரிகைகள் சிறிய எழுத்திலேயே அச்சிட்டுவந்தன. நியூயார்க் டைம்ஸ் அதை மாற்றிக்கொண்டது 1930இல். 2020இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், மக்களைக் குறிக்கும் ‘பிளாக்’ என்ற சொல்லுக்கும் பெரிய எழுத்து தந்தது. இது மரியாதைப் போராட்டம் இல்லையா என்று தம்பி கேட்டால், ஆம் என்பேன். ஆனால் அவர்கள் கேட்டது அலங்காரத்தை அல்ல. ‘நாங்கள் ஒரு நிறம் அல்ல, பெயருள்ள மக்கள்’ என்பதைத்தான் கேட்டார்கள். பெரிய எழுத்து பெயரைக் குறிப்பதால்தான் அந்தக் கோரிக்கைக்கே பொருள் வந்தது. அதைக் ‘கம்பெனி’க்கும் ‘ஆனஸ்டி’க்கும் வாரி இறைத்தால் எதற்கும் மதிப்பில்லாமல் போகும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மரச்சாமான் பராமரிப்பு பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்தேன். தலைப்புகள் எல்லாம் முழுப் பெரிய எழுத்தில் இருந்தன. அதில் ஒரு தலைப்பை ‘போலந்து நாட்டு மரச்சாமான்கள்’ என்று பெயர்த்துக் கொடுத்துவிட்டேன். அது ‘பாலிஷ்’. மெருகேற்றச் சொல்லியிருக்கிறார்கள்! போலந்து நாட்டைக் குறிக்கும் சொல்லுக்கும் மெருகுக்கும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் ஒன்றே; முதல் எழுத்து பெரிதா சிறிதா என்பதுதான் வேறுபாடு. எல்லா எழுத்தும் பெரிதானால் அந்த அடையாளம் அழிந்துவிடுகிறது. அடுத்த வரியைப் படித்திருந்தால் தப்பித்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

முழுப் பெரிய எழுத்தில் செய்தி அனுப்புகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கத்துவதுபோல இருக்கிறது என்பது ஒரு புறம், படிப்பதும் கடினம். அமெரிக்க வானிலைச் சேவை, பழைய தொலையச்சு இயந்திரங்களின் காலத்துப் பழக்கத்தைத் தூக்கிச் சுமந்து, 2016 மே மாதத்தில் மாற்றத் தொடங்கும்வரை முன்னறிவிப்புகளைப் பெரிய எழுத்திலேயே வெளியிட்டுவந்தது. சாதாரணச் சாரலுக்கும் சூறாவளிக்கும் ஒரே உரத்த குரல். மாற்றிக்கொண்ட பிறகுதான் உண்மையான ஆபத்துக்கென்று அந்தக் குரலை எடுத்து வைக்க முடிந்தது.

காற்புள்ளிக்கு வருகிறேன். நம் சொற்களே நம்மை ஏமாற்றுகின்றன என்பது என் பழைய சந்தேகம். கால், அரை, முக்கால், முற்று என்று படியளப்பதுபோல் பெயர் வைத்திருக்கிறோம். ஆகவே இவை மூச்சு விடும் அளவு என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அலெக்சாந்திரியா நூலகத்தில் பணிபுரிந்த கிரேக்க அறிஞர் பைசாந்தியத்து அரிஸ்டோஃபனிஸ், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, வாய்விட்டுப் படிப்பவர் நிறுத்துவதற்காக மூன்று உயரங்களில் புள்ளி வைத்தார். ஆங்கில இலக்கண நூல்களும் ஒரு காலத்தில் ஒவ்வொரு குறியையும் முந்தையதன் இரட்டிப்பு என்று கணக்குப் போட்டன. இன்றைய ஆங்கிலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. நிறுத்தக்குறி மூச்சைவிட மூட்டுக்கே அதிகம் கட்டுப்பட்டது: எது எதனோடு சேர்கிறது, எங்கே பிரிகிறது என்பதுதான் கேள்வி.

நாம் அதிகம் சறுக்குவது இங்கேதான்: முடிந்துபோன இரண்டு வாக்கியங்களைக் காற்புள்ளி ஒன்றால் ஒட்டுவது. ‘மழை பெய்தது, நாங்கள் போகவில்லை’ என்று தமிழில் எழுதினால் யாரும் தடுமாற மாட்டார்கள், ஏனென்றால் ‘பெய்தது’ என்ற வினைமுற்று ‘இதோ முடிந்தது’ என்று அறிவித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வினை நடுவிலேயே வந்து போய்விடும். வாக்கியம் எங்கே முடிகிறது என்று குறிதான் சொல்ல வேண்டும். ஒன்று முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது ‘அண்ட்’, ‘பட்’, ‘சோ’ போன்ற ஓர் இணைப்புச்சொல்லைப் போடுங்கள், துணிவிருந்தால் அரைப்புள்ளி. நமக்கு ‘உம்’ செய்வதையும் ‘என்று’ செய்வதையும் ‘ஆ’ செய்வதையும் அங்கே இந்தச் சின்னக் கீறல்கள்தான் செய்கின்றன.

கீறல்தானே என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் மேய்ன் மாநில வழக்கைத் தெரிந்துகொள்ளலாம். சில வேலைகளுக்கு மிகைநேரக் கூலி கிடையாது என்றது அந்த மாநிலச் சட்டம். அந்தப் பட்டியலின் கடைசியில் ‘அனுப்புவதற்காக அல்லது விநியோகத்துக்காகப் பொதிதல்’ என்றும் படிக்கலாம், ‘அனுப்புவதற்காகப் பொதிதல்’, ‘விநியோகம்’ என்று இரண்டாகவும் படிக்கலாம். ‘அல்லது’ என்று பொருள்படும் ஆங்கில ‘ஆர்’ என்ற சொல்லுக்கு முன் காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் விநியோகம் செய்தார்கள், பொதியவில்லை. ஆகவே விலக்கு தங்களுக்குப் பொருந்தாது என்றார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் தெளிவாக இல்லை என்று சொல்லி ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. சட்டமன்றமும் அந்த வாக்கியத்தைத் திருத்தியது. எப்படி என்கிறீர்கள்? எல்லா இடத்திலும் அரைப்புள்ளி. சூடு கண்ட பூனை. பட்டியலின் கடைசிக்கு முன் காற்புள்ளி வைப்பதா வேண்டாமா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் வைக்கும் கட்சி.

மற்றவை சில்லறை. ‘ஹிஸ்’, ‘ஹர்’ என்பவற்றுக்கு மேற்குறி (‘அபாஸ்ட்ரஃபி’) இல்லாததுபோல, ‘அதனுடைய’ என்ற ‘இட்ஸ்’ஸுக்கும் இல்லை, ‘இட் இஸ்’ சுருங்கினால்தான் வரும். பன்மைக்கும் வேண்டாம். குறிக்கு முன் இடைவெளி விடாதீர்கள், பின்னால் விடுங்கள். வியப்புக்குறி ஒன்று போதும்.

கடிதத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன். தம்பியிடமிருந்து கைபேசியில் நன்றிச் செய்தி வந்தது: ஆங்கிலத்தில், ஒரு பெரிய எழுத்தும் இல்லை, ஒரு குறியும் இல்லை, ‘ஐ’ வழக்கம்போல் குனிந்தே இருந்தது. அதில் புரியாதது எதுவும் இல்லாததால் விட்டுவிட்டேன். ஒற்றைச் சொல்லில் பதில் எழுதி, பழக்கத்தில் முற்றுப்புள்ளியும் வைத்து அனுப்பினேன். அரை நிமிடத்தில் கேட்கிறான்: “அண்ணா, கோபமா”

கேள்விக்குறி அதிலும் இல்லை. நல்ல வேளையாக ‘ஆ’ இருந்தது.