ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல், நடுவில் நம் கார்

போன விடுமுறையில் ஒரு மலையோரக் கடற்கரைச் சாலையில் 18 கிலோமீட்டர் போக எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. காரில் நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். கண்ணாடிக்கு வெளியே கடல் பளபளவென்று கிடந்தது. சின்னவள், "இறங்கி நடந்தே போயிடலாமாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை, நடந்தவர்கள் எங்களை முந்திக்கொண்டுதான் போனார்கள்.

பாதி வழியில் பின்னாலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. எல்லோரும் ஒதுங்கத்தான் பார்த்தோம். எங்கே ஒதுங்குவது? ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் இடுப்பளவு தடுப்புச் சுவர், அதற்குக் கீழே தண்ணீர். முன்காரில் இருந்த பெரியவர் இறங்கி வந்து, கையைக் காட்டிக் காட்டி ஒவ்வொரு வண்டியையும் அங்குலம் அங்குலமாகப் பாறையோடு ஒட்ட வைத்தார். என் பக்கக் கண்ணாடி பாறையில் உரசி மடங்கியது. ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்ட இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். உள்ளே இருந்தவருக்கு என்ன ஆனது என்று தெரியாது. அன்றைக்கு வழியை அடைத்து நின்ற வண்டிகளில் என்னுடையதும் ஒன்று என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

வீடு திரும்பியதும் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். உள்நாட்டு ஊர் என்றால் நாலா பக்கமும் வழி இருக்கும். ஒன்று அடைத்தால் இன்னொன்றில் சுற்றிப் போய்விடலாம். கடலோரத்தில் ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். மலையும் நெருங்கி வந்துவிட்டால் மிஞ்சுவது ஒரே கோடு. அந்தக் கோட்டில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் அத்தனை ஊரும் நின்றுவிடும். அகலப்படுத்தலாம் என்பார்கள். எதை வெட்டி அகலப்படுத்துவது? நாம் பார்க்க வந்த பாறையையும் மணலையும்தான்.

ஆனால் கார்களுக்குச் சாபமாக இருக்கும் அதே கோடு, ரயிலுக்கும் டிராமுக்கும் வரம். ஊர்களெல்லாம் கோத்த மணிபோல ஒரே வரிசையில் இருப்பதால் ஒரு தடம் போட்டால் எல்லாவற்றையும் தொட்டுவிடலாம். பெல்ஜியக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். 1885-இல் ஓஸ்டெண்டுக்கும் நியூபோர்ட்டுக்கும் இடையே நீராவி டிராமாகத் தொடங்கியது, இன்று நெதர்லாந்து எல்லைப் பக்கம் இருக்கும் க்னோக்கேயிலிருந்து பிரான்ஸ் எல்லையை ஒட்டிய டி பன்னே வரை, ஏறக்குறைய 67 கிலோமீட்டர், கடற்கரை முழுக்க ஓடுகிறது. இத்தனைக்கும் அங்கே மலை இல்லை, சாலை போட இடம் தாராளம். இருந்தும் டிராமைக் கைவிடவில்லை.

இத்தாலியில் சிங்க்வே தெர்ரேவும் அப்படித்தான். மொந்தெரோஸ்ஸோ, வெர்னாத்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து ஊர்கள். லா ஸ்பெசியாவுக்கும் லெவாந்தோவுக்கும் இடையே ஓடும் ரயில் ஐந்திலும் நிற்கும். அடுத்த ஊர் சில நிமிடம்தான், பாதி நேரம் சுரங்கத்துக்குள்ளேயே போய்விடும். ஆனால் இதிலும் ஒரு பாடம் உண்டு. கொர்னீலியா மட்டும் கடலிலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நிலையமோ கீழே. ஊருக்குள் போக 370-க்கும் மேற்பட்ட படிகள். மூட்டு வலியோடு இருக்கும் என் அம்மாவைக் கூட்டிப்போனால் அந்த ரயிலால் என்ன பயன்? அதனால்தான் நிலையத்திலிருந்து ஊருக்கு ஒரு சின்ன பஸ் விட்டிருக்கிறார்கள். அந்தச் சின்ன பஸ்தான் அந்த ரயிலை முழுமையாக்குகிறது என்பேன்.

இந்தக் கடைசித் துண்டுதான் பல இடங்களில் விட்டுப்போகிறது. நம் மேற்குக் கடலோரத்தில் ஓடும் கொங்கண் ரயில் 1998-இல் முழுமையாக ஓடத் தொடங்கியது, அந்தக் கடலோரத்துக்கே பெரிய விஷயம். ஆனால் கோவாவில் திவிம் நிலையத்தில் இறங்குபவருக்குக் கலங்குட் கடற்கரை இன்னும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கையில் பெட்டி, தோளில் தூங்கும் குழந்தை. அந்த நேரத்தில் நேராகக் கடற்கரைக்குப் போகும் பஸ் ஒன்று வெளியே நின்றால் ஏறிவிடுவார், நிற்காவிட்டால் அடுத்த முறை காரில்தான் வருவார்.

எனக்கு ஆறவே ஆறாத கோபம் ஒன்று உண்டு. கடைசி பஸ். இன்னொரு கடலோர ஊரில் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போயிருந்தோம். அந்த ஊருக்கு எல்லோரும் வருவதே அதற்காகத்தான். ஏழு மணிவாக்கில் சூரியன் இறங்கியது. நிறுத்தத்துக்கு வந்து பார்த்தால் கடைசி பஸ் ஆறு பத்துக்கே போயிருந்தது. ஈரச் செருப்போடு, கைபேசி வெளிச்சத்தில், ஓரமே இல்லாத சாலையில் அம்மாவை நடுவில் விட்டு நாலு கிலோமீட்டர் நடந்தோம். எதிரில் வண்டி வரும்போதெல்லாம் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். கால அட்டவணை போட்டவர் ஒரே ஒரு நாள் அந்தக் கரையில் உட்கார்ந்து சூரியன் எப்போது மறைகிறது என்று பார்த்திருந்தால் போதும்.

அந்த நிறுத்தத்தில் எங்களோடு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். விடுதியில் அறை சுத்தம் செய்கிறவர்கள். கரையோரம் வாடகை கட்டுப்படியாகாமல் உள்ளே தள்ளிப்போய்க் குடியிருப்பவர்கள். எங்களுக்கு அது ஒரு நாள் அவதி, அவர்களுக்குத் தினப்படி. சீசன் முடிந்தால் ஓடுகிற பஸ்ஸையும் குறைத்துவிடுவார்களாம். கடலோரப் போக்குவரத்தைச் சுற்றுலாக் கணக்கில் மட்டும் போடுவது அநியாயம் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

அப்படியானால் காரே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. முதியவர்கள், கைக்குழந்தை, சக்கர நாற்காலி என்று எத்தனையோ தேவை இருக்கிறது. காரைக் கடைசி ஊர்வரை கொண்டுபோகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இங்கிலாந்தின் கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊரின் தெருக்கள் மிகக் குறுகல். காரை செயின்ட் எர்த் நிலையத்தில் நிறுத்திவிட்டு, 1877-இல் திறந்த ஏறக்குறைய 7 கிலோமீட்டர் கிளைப்பாதையில் ரயிலேறினால் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். 1960-களில் நஷ்டக் கணக்குக் காட்டி மூடப் பார்த்த பாதை இது. அன்று மூடியிருந்தால் அந்த ஊர் இன்று என்ன பாடு பட்டிருக்கும்!

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் கட்டுப்பாடே கொண்டுவந்துவிட்டார்கள். 2022 முதல் நெரிசல் நாட்களில், வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, வெளியூர்க் கார்களைப் பகலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் விடுகிறார்கள். நான் இதை ஆதரிக்கிறேன், அந்த ஆம்புலன்ஸுக்காகவே. அங்கே படகும் நல்ல வழி. ஆனால் காற்று கிளம்பினால் படகு நின்றுவிடும், குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓடாது. ஊருக்குக் கிளம்பும் நாளில், விமானமோ ரயிலோ பிடிக்க வேண்டியிருக்கும்போது, படகை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

இப்போதெல்லாம் அறை பதிவு செய்யும் முன் கடைசி பஸ், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுகிறேன். நிலையத்திலிருந்து அம்மாவால் நடக்க முடிகிற தூரத்தில்தான் அறை. கடல் தெரியும் அறைக்குக் கொடுக்கும் காசு மிச்சம். அப்புறம், ஏறும்போது எந்தப் பக்கம் கடல் வரும் என்று கேட்டு அந்தப் பக்கமே ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். போகும்போது இடது என்றால் வரும்போது வலது. அம்மாவுக்கு இது இப்போது மனப்பாடம், எங்களுக்கு முன்னால் ஏறி இடம் பிடித்துவிடுகிறார்.